எஃப் 22-ஐ விட்டொழியுங்கள்: பனித்துளி மேக்ரோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்பகோணத்துக்கு வெளியே ஒரு வயல் வரப்பில், சின்னப் பொருளை மிக நெருங்கி எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஏழெட்டுப் பேரோடு நின்றிருந்தேன். மணி ஆறேகால். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரிகிற அளவுக்குத்தான் வெளுத்திருந்தது. நெல் இலை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் கேமராவை என் பக்கம் திருப்பினான். "அண்ணே, எஃப் 22 வெச்சுட்டேன். எல்லாமே ஷார்ப்பா வந்துரும்ல?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சுருங்கும், முன்னும் பின்னும் ஷார்ப்பாகத் தெரிகிற ஆழமும் கூடும். பல வருஷங்களுக்கு முன்னால் இதே மார்கழியில், இதே எண்ணை நம்பித்தான் நானும் கெட்டேன். வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேட்டரி சார்ஜ், மெமரி கார்டு, லென்ஸ் மூடி பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை மறந்து அவதிப்பட்டால் அடுத்த தடவை தானாக நினைவுக்கு வந்துவிடும்.

எல்லாத் துளியையும் பனி என்று நினைப்பது

நெல் நுனியில் காலையில் தொங்குவது பெரும்பாலும் பனி கிடையாது. ராத்திரியில் வேர் தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளும். இலைத்துளைகள் மூடியிருப்பதால் ஆவியாகப் போக வழியில்லை. அந்தத் தண்ணீர் இலையின் நுனியிலும் ஓரத்திலும் இருக்கிற தனித் துவாரங்கள் வழியாகக் கசிந்து துளியாக நிற்கும். தக்காளி இலையின் பல் ஓரங்களில் முத்துக் கோத்த மாதிரி வரிசையாக நிற்பதும் இதுதான். பனி வேறு. மேகமில்லாத ராத்திரியில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகும். அப்போது காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படியும். அது இலை முழுக்க, சிலந்தி வலை முழுக்கப் பொடிப்பொடியாக இருக்கும்.

இது தெரியாமல் நான் பல காலைகளை வீணாக்கியிருக்கிறேன். முதல் நாள் ராத்திரி மேகம் மூடியிருந்தாலோ காற்று அடித்தாலோ பனி விழாது. "இன்னைக்கு ஒண்ணும் கிடைக்காது" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். ஆனால் மண்ணில் ஈரம் இருந்து காற்றும் ஈரமாக இருந்தால், மேகமான ராத்திரிக்குப் பிறகும் கசிவுத் துளி இருக்கும். சிலந்தி வலை எடுக்க ஆசையா? தெளிந்த ராத்திரிக்கு அடுத்த காலை போங்கள். மேகமாக இருந்ததா? தண்ணீர் பாய்ந்த நாற்றங்கால் பக்கம் போங்கள்.

இலையைத் துடைப்பது

தாமரை இலையிலோ சேம்பு இலையிலோ தூசி இருந்தால் விரலால் துடைக்காதீர்கள். அந்த இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேல் மெழுகுத் துகள்களும் இருக்கின்றன. தண்ணீர் அந்த மேட்டு நுனிகளில்தான் உட்காரும், அடியில் காற்று நிற்கும். தாமரை இலைத் துளி வெள்ளிக் குண்டு மாதிரி மின்னுவது அந்தக் காற்றால்தான். இலை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் இந்த வித்தையை ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997இல் விளக்கி எழுதினார்கள். விரல் பட்ட இடத்தில் மெழுகு போய்விடும். அப்புறம் எத்தனை சொட்டு விட்டாலும் அங்கே தண்ணீர் உருளாது, அப்பிக்கொள்ளும். தூசி போக வேண்டுமென்றால் மேலே தண்ணீரை ஊற்றுங்கள், அதுவே உருட்டிக்கொண்டு போய்விடும்.

எஃப் 22

இதற்குத்தான் வந்தேன்.

அப்போது எனக்குத் தெரிந்த ஒருவர் தன் கடைக்குக் காலண்டர் போட நினைத்தார். ஆறு தாள், எல்லாம் பனித்துளிக்குள் தெரியும் பூக்கள். முன்பணமும் கொடுத்தார். நான் மார்கழி முழுக்க, இருபது நாளுக்கு மேல் விடியற்காலையில் வயலுக்குப் போனேன். கோலத்தில் வைக்கிற பரங்கிப்பூவை வாசலில் இருந்து எடுத்துக்கொண்டு போவேன் (அம்மா திட்டுவாள்). துளிக்குப் பின்னால் அதைக் குச்சியில் செருகி, துளிக்குள் மஞ்சளாகத் தெரியவைத்து எடுப்பேன். துளியின் ஓரமும் ஷார்ப்பாக இருக்க வேண்டும், உள்ளே இருக்கிற பூவும் ஷார்ப்பாக இருக்க வேண்டும். அதனால் எல்லாப் படமும் எஃப் 22. கேமராவின் பின்பக்கத் திரையில் அற்புதமாக இருந்தன. போனிலும் அப்படித்தான். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

அக்டோபரில் அச்சுக்குப் போகும் நேரம் வந்தது. பெரிய அளவில் ஒரு மாதிரித் தாள் எடுத்துப் பார்த்தோம். ஆறும் கொழகொழ. ஃபோகஸ் தப்பிய படம் என்றால் எங்கேயாவது ஓர் இடம் கூர்மையாக இருக்கும். இதில் எங்குமே இல்லை, படம் முழுக்க ஒரே சீராக மசமசவென்று இருந்தது. ஷார்ப்பனிங்கை ஏற்றினால் துளியைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது. திரும்ப எடுக்கலாம் என்றால் அக்டோபரில் பனிக்கு எங்கே போவது? முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஏதோ ஓர் அருவிப் படத்தைப் போட்டுக் காலண்டரை அடித்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். சின்னத் துவாரத்தின் வழியாகப் போகிற ஒளி பரந்து விழும். துவாரம் சுருங்கச் சுருங்கப் பரவல் கூடும். இதோடு மேக்ரோவுக்கென்று இன்னொரு வில்லங்கம் உண்டு. 1:1 அளவுக்கு, அதாவது பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழுகிற அளவுக்கு நெருங்கும்போது, நீங்கள் வைத்த எண் ஏறத்தாழ இரண்டு மடங்காக வேலை செய்யும். எஃப் 22 என்பது நடைமுறையில் எஃப் 44. அந்த நிலையில் ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 0.06 மி.மீ. அகல வட்டமாகப் பரவுகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. ஆக, ஒரு பிக்சலில் அடங்க வேண்டியது பத்துப் பிக்சலுக்கு அப்பிக்கொள்கிறது. எஃப் 8-ல் இதே கணக்கு மூன்று நான்கு பிக்சலோடு நிற்கும்.

சரி, அதற்குப் பதிலாக ஆழமாவது கிடைத்ததா? 1:1-ல் எஃப் 8 வைத்தால் ஷார்ப்பாகத் தெரிகிற ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. எஃப் 22-ல் இரண்டரையைக் கொஞ்சம் தாண்டும். துளி ஒரு குட்டி லென்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இருக்கிற பூவின் பிம்பம் துளிக்குள் இருப்பதுபோலத் தெரிகிறதே தவிர, அது உண்மையில் துளியின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒரு விட்டம் அளவு தள்ளி, கேமரா பக்கமாக, காற்றில் விழுகிறது. 3 மி.மீ. துளி என்றால் துளியின் ஓரக்கோட்டுக்கும் பூவின் பிம்பத்துக்கும் நடுவே 3 மி.மீ. இருக்கிறது. எஃப் 22 தருகிற ஆழம் அதற்கும் எட்டாது. கூர்மையும் போச்சு, கேட்டதும் கிடைக்கவில்லை.

இன்னும் கேளுங்கள். எஃப் 8-லிருந்து 22-க்குப் போனால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்கு. 1/160 வினாடியில் எடுக்க வேண்டியதை 1/20 வினாடியில் எடுப்பீர்கள். விடிகாலைக் காற்றில் நெல் நுனி அதுவரை சும்மா நிற்குமா? பின்னணியில் கரைந்துபோக வேண்டிய வைக்கோல் கோடுகள் எல்லாம் எழுந்து வந்து நிற்கும். சென்சாரில் இருக்கிற தூசி கரும்புள்ளியாகத் தெரியும். என் ஆறு தாள்களில் ஒன்றில் வானத்தில் பதினோரு புள்ளி. எண்ணிப் பார்த்தேன்.

இதில் ஒரு குழப்பம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நிக்கான் கேமராவில் அவர்களுடைய 105 மி.மீ. எஃப் 2.8 மைக்ரோ லென்ஸைப் போட்டு 1:1 வரை நெருங்கினால், முழுக்கத் திறந்திருக்கும்போதே எஃப் 4.8 என்று காட்டும். அதாவது நடைமுறை எண்ணையே காட்டிவிடுகிறது. கேனானில் நீங்கள் வைத்த எண் அப்படியே நிற்கும். ஆகவே நண்பர் நிக்கானில் "16 வைத்தேன்" என்பதும் நீங்கள் கேனானில் 16 வைப்பதும் ஒன்றல்ல. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுகிற மலிவான எக்ஸ்டென்ஷன் டியூபோ, லென்ஸைத் திருப்பி மாட்டுகிற ரிவர்ஸ் ரிங்கோ போட்டால் எந்தக் கேமராவும் எதையும் சொல்லாது, நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

பின் எப்படித்தான் எடுப்பது? எஃப் 8 வையுங்கள், மிஞ்சினால் 11. லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையில், துளியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, பூவின் மேல் ஃபோகஸ் வையுங்கள். துளியின் ஓரம் லேசாக மங்கட்டும். பார்ப்பவர் கண் பூவுக்குத்தான் போகும், ஓரத்தின் மங்கலை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஓரத்தைக் கூர்மையாக வைத்துப் பூவை மங்கவிட்டால்தான் படம் செத்துப்போகும். இரண்டும் வேண்டுமென்றே அடம்பிடித்தால், ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எட்டுப் பத்துப் படம் எடுத்து ஸ்டாக் செய்யுங்கள். ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டேக்கர் மாதிரி மென்பொருள்கள் அவற்றை ஒரே படமாகச் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் காற்று அசையாத அந்தப் பத்து நிமிஷம் கிடைத்தால்தான் இது நடக்கும். இலையோ சிலந்தி வலையோ என்றால் ஸ்டாக்கிங்கே வேண்டாம், கேமராவை அதற்கு நேர் இணையாகப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

அந்தப் பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கேமராவை வாங்கி 8-க்குத் திருப்பிக் கொடுத்து, "ரெண்டையும் வீட்ல போய்ப் பெருசு பண்ணிப் பாரு தம்பி" என்றேன். ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினான். "அண்ணே, இது ரெண்டும் ஒரே லென்ஸ்லயா எடுத்தது?"

சிவப்புச் சட்டை

போடாதீர்கள். ஒவ்வொரு துளியிலும் நீங்கள் தெரிவீர்கள்.

வரப்பில் டிரைபாடை நம்புவது

ஈர வரப்பில் டிரைபாட் நிற்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தை வைத்துக்கொண்டு வேலை செய்பவனுக்கு அரை மில்லிமீட்டர் இறக்கமே போதும். காலுக்கு அடியில் பழைய டப்பா மூடி மூன்றை வைத்து அழுத்திவிட்டு, ஐந்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வந்து ஃபோகஸ் பண்ணுங்கள். வயல்காரர் வந்தால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, அப்புறம் நாங்கள் போனால் விரட்டுகிறார்கள்.

பிளாஷை மொட்டையாக அடிப்பது

துளி என்பது வளைந்த கண்ணாடி. சின்ன பிளாஷை நேராக அடித்தால் ஒவ்வொரு துளியிலும் ஊசி குத்தின மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு விழும். வெள்ளை டிபன் டப்பா மூடியோ பட்டர் பேப்பரோ, துளிக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் பிடித்து அதன் வழியாக அடியுங்கள்.

மூச்சு

அடக்குங்கள். இல்லையென்றால் வியூஃபைண்டரில் ஆவி படிந்து மூடிக்கொள்ளும், துளியும் ஆடும்.

துளியைத் தலைகீழாகத் தொங்கவிடுவது

துளிக்குள் பிம்பம் தலைகீழாகத்தான் விழும். வட்டப் பூ என்றால் யாருக்கும் தெரியாது. ஒரு முறை நண்பர் ஒருவர் துளிக்குள் கோபுரம் தெரிகிற படத்தைக் காட்டினார். கோபுரம் நேராக இருந்தது, ஆனால் துளி மேல்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தையே திருப்பிவிட்டிருக்கிறார். கோபுரத்தைத் திருப்ப முடியாதுதான். பூவைத் திருப்பலாமே, தலைகீழாகச் செருகினால் துளிக்குள் நேராக வரும்.

கிளிசரின்

துளி காயாமல் நிற்கத் தண்ணீரில் இதைக் கலப்பார்கள். வீட்டில், பறித்த பூவில் போடுங்கள். உயிரோடு இருக்கிற செடியில் வேண்டவே வேண்டாம்.

எங்கே முட்டி போடுகிறோம் என்று பார்க்காமல் உட்காருவது

ட்ராசெரா என்று ஒரு பூச்சியுண்ணிச் செடி. ஈரமான மணற்பாங்கான இடங்களில் தரையோடு தரையாக இருக்கும். அதில் பர்மானி என்கிற வகை ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயம் அளவுதான், சிவப்பு வட்டமாகத் தெரியும். இலை ரோமம் ஒவ்வொன்றின் தலையிலும் மின்னுவது பனி அல்ல, பூச்சியைப் பிடிக்கிற பசை. வெயில் ஏறினாலும் போகாது. அதனால் இதற்காக விடியற்காலையில் அடித்துப்பிடித்து ஓட வேண்டியதில்லை. மேலே தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், பசை நீர்த்துப்போகும்.

முதல் முறை இதைப் பார்த்த சந்தோஷத்தில் அப்படியே மண்ணில் முட்டி போட்டு, முக்கால் மணி நேரம் ஒரே செடியை எடுத்தேன். எழுந்து பேன்ட்டைத் தட்டினால் முட்டியில் நாலைந்து சிவப்பு வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது சாக்கு ஒன்று எடுத்துப்போகிறேன். விரிப்பதற்கு முன்னால் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விரிக்கிறேன்.