எத்தனை புக்குன்னு எண்ணாம சரித்திர நாவல் படிக்கிறது எப்படி, படிக்கும்போதே நாலு பேரோட பகிர்ந்துக்கிறது எப்படி

ஜனவரி பொறந்தா இந்த வருஷம் 50 புக், 100 புக்னு இலக்கு வெக்கிறது இப்ப எல்லாருக்கும் பழக்கமாயிடுச்சு. நானும் ஒரு வருஷம் 50னு வெச்சேன். ஏப்ரல் மாசம்தான் கவனிச்சேன், புக் எடுக்க அலமாரிக்கிட்ட போகும்போதெல்லாம் கை தானா ஒல்லியான புக் பக்கமே போகுது, எந்த நாவலை அந்த வருஷம் எப்படியாவது படிச்சிடணும்னு ஆசையா வாங்கி வெச்சேனோ அந்த 900 பக்க நாவல் பிரிக்காமயே நிக்குது. ஏன்னா அதை எடுத்தா கணக்கு பின்னாடி போயிடும். படிக்கிறதுக்காக வெச்ச இலக்கே படிக்க விடாம பண்ணுதுன்னு புரிஞ்சப்ப ரொம்ப வருத்தமா இருந்துச்சு, அன்னைக்கே அந்த 50ஐ எடுத்துட்டேன். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி இப்ப ஒரு முறைக்கு வந்திருக்கேன், அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல் வேலை, உங்க வேகம் என்னன்னு தெரிஞ்சுக்கிறது. போனை வேற ரூம்ல வெச்சிட்டு ஒரு மணி நேரம் உக்காந்து படிச்சு எத்தனை பக்கம் ஆச்சுன்னு பாருங்க. ஆனா அந்த ஒரு மணி நேரம் சரித்திர நாவலைத்தான் படிக்கணும், வேற எதையாவது படிச்சு பாத்தா கணக்கு தப்பா வரும். எனக்கு சாதாரண நாவல்னா மணிக்கு 40 பக்கம் ஓடும், சரித்திர நாவல்ல 25தான். பட்டப்பேரு, உறவுமுறை, யாரு யாருக்கு சித்தப்பான்னு பின்னாடி போய் போய் பாத்துட்டு வர்ற நேரமும் அதுல சேந்திருக்கு, அது வீண் நேரம் இல்ல, அதுவும் வாசிப்புதான். சரி, இப்ப கணக்கு போடுங்க. 500 பக்க நாவல், மணிக்கு 25 பக்கம்னா 20 மணி நேரம். தினமும் அரை மணி நேரம் படிச்சா 40 நாள். அப்ப வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடாம படிச்சாலே 9 நாவல்தான் முடியும். உடம்புக்கு முடியாத நாள், வேலை நெருக்குற வாரம், மனசே ஓடாத நாள் இதையெல்லாம் கழிச்சா 6. ஆறுங்கிறது கம்மி இல்ல, அரை மணி நேரத்துக்கு நேர்மையா வர்ற எண்ணிக்கை அதுதான். 50ங்கிறது எனக்கு மாசம் நாலு புக்குக்கும் மேல, அது என் நாள்ல இல்லவே இல்லாத நேரம்.

அடுத்தது, புக்கை எண்ணாதீங்க, அத்தியாயத்தை எண்ணுங்க. இது எனக்கு ரொம்ப கைகொடுத்த மாத்தம். டால்ஸ்டாயோட போரும் அமைதியும் நாவல்ல மொத்தம் 361 அத்தியாயம், எல்லாமே சின்ன சின்னது, நாளைக்கு ஒண்ணுன்னு போனா ஒரு வருஷத்துல முடிஞ்சு நாலு நாள் மிச்சம் இருக்கும். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் சேத்து 293 அத்தியாயம், அதே வேகத்துல பத்து மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். தடிமனைப் பாத்து மலைச்சு நிக்கிறவங்களுக்கு இந்த எண்ணிக்கையைச் சொன்னா முகமே மாறிடும். அதுவும் பொன்னியின் செல்வன் 1950ல இருந்து 1954 வரைக்கும் வார இதழ்ல தொடரா வந்தது. முதல்ல படிச்சவங்க யாரும் அதை ரெண்டே வாரத்துல முடிக்கல, மூணு வருஷத்துக்கும் மேல வாரா வாரம் காத்திருந்து படிச்சாங்க, நடுவுல ஒருத்தரோட ஒருத்தர் அதைப் பத்தி பேசிக்கிட்டாங்க. அப்படி படிக்கிறதுக்காகவே எழுதின கதையை நாம ஏன் ஓட்டமா ஓடி முடிக்கணும்?

இன்னொரு நல்லதும் இருக்கு. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனதால எத்தனையோ பதிப்பகம் போட்டிருக்காங்க, உங்க 212ஆம் பக்கமும் என் 212ஆம் பக்கமும் ஒண்ணா இருக்காது. கிண்டில்ல படிக்கிறவங்களுக்கு எழுத்தோட அளவை மாத்தினாலே எல்லாம் மாறிடும். அத்தியாய எண் மட்டும்தான் எல்லாருக்கும் பொது. ஆடியோ புக் கேக்கிறவங்களும் இதுல சேந்துக்கலாம் (கேக்கிறதும் படிக்கிறதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல).

இப்ப முக்கியமான விஷயம். இலக்குன்னா வெறும் எண்ணிக்கை மட்டும் இல்ல, ஒரு இழை வேணும். எதை எதோட சேத்து படிக்கப் போறோம்ங்கிறதுதான் அந்த இழை. சரித்திர நாவல் படிக்கிறதுல உள்ள பெரிய சந்தோஷமே ஒரு காலத்துக்குள்ள போய் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றது, ஆனா ஒரு புக் சோழர் காலம் அடுத்தது ரோம் அதுக்கடுத்தது ரெண்டாம் உலகப்போர்னு தாவிக்கிட்டே இருந்தா எந்த வீட்டுலயும் உக்காராம எல்லா வீட்டு வாசலையும் மிதிச்சிட்டு வந்த மாதிரி ஆயிடும். அதனால வருஷத்துக்கு ஒரு காலம், இல்ல ஒரு கேள்வின்னு எடுத்துக்கங்க.

எப்படின்னு ஒரு உதாரணம் சொல்றேன். ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பு 1736ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் போகுது. புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்களுக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த மனுஷன், கண்ணால பாத்ததையும் காதால கேட்டதையும் எழுதி வெச்சாரு. அதை அடிப்படையா வெச்சு பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும்னு நாவல் எழுதினாரு. நாவலையும் நாட்குறிப்புல இருந்து கொஞ்சம் பக்கத்தையும் மாத்தி மாத்தி படிங்க, நாட்குறிப்புல ஒரு வரியா இருக்கிற விஷயம் நாவல்ல எப்படி ரத்தமும் சதையுமா ஆகுதுன்னு பாக்கிறப்ப வர்ற சிலிர்ப்பே தனி. அப்புறம் அதே வருஷங்கள்ல உலகத்தோட இன்னொரு மூலையில என்ன நடந்துச்சுன்னு போங்க. வால்டர் ஸ்காட் 1814ல எழுதின வேவர்லி நாவல் ஸ்காட்லாந்துல 1745ல நடந்த கலகத்தைப் பத்தினது. அதுக்கு மறு வருஷம், 1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் புடிச்சாங்க. அங்க இங்கிலாந்து ராஜாவுக்கு எதிரா கெளம்பினவங்களுக்குப் பின்னாடி பிரெஞ்சு ஆதரவு, இங்க கடற்கரையில இங்கிலீஷ்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் சண்டை. ரெண்டு நாவலையும் தனித்தனியா படிச்சிருந்தா இது எனக்கு ஜென்மத்துக்கும் தோணியிருக்காது. இந்த மாதிரி மூணு நாவல், ஒரு மூல ஆவணம், முடிஞ்சா ஒரு வரலாற்று நூல், இது போதும் ஒரு வருஷத்துக்கு, நான் சத்தியமா சொல்றேன்.

படிக்க ஆரம்பிச்சதும் ஒரு தாள் வேணும். நான் ஏ4 தாளை நாலா மடிச்சு புக்மார்க்கா வெச்சுக்குவேன். ஒரு பக்கம் ஆளுங்க பேரு, ஒரு பக்கம் ஊர் பேரு, ஒரு பக்கம் வருஷம், கடைசி பக்கம் "அப்புறம் பாக்கணும்". பேரு ஏன் எழுதணும்னா, இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி காலத்தைப் பத்தி ஹிலாரி மான்டல் எழுதின வுல்ஃப் ஹால் நாவலை எடுத்துக்கங்க, தாமஸ் க்ராம்வெல், தாமஸ் மோர், தாமஸ் வுல்சி, தாமஸ் க்ரான்மர், தாமஸ் வயட், இன்னும் இருக்காங்க, எல்லாரும் தாமஸ். நம்ம பக்கம் சோழ ராஜாக்கள் ராஜகேசரி, பரகேசரின்னு மாத்தி மாத்தி பட்டம் வெச்சுக்கிட்டவங்க. தாள் இல்லாம போனா 150ஆம் பக்கத்துல திணறிடுவீங்க, அப்புறம் நாவல் போரடிக்குதுன்னு மூடி வெச்சிடுவீங்க, உண்மையில நாவல் மேல தப்பே இருக்காது.

அந்த "அப்புறம் பாக்கணும்" பக்கத்துக்கு ஒரு கதை இருக்கு. ஒரு நாவல்ல பாதியில இருக்கும்போது ஒரு பாத்திரம் நிஜ ஆளான்னு தெரிஞ்சுக்கலாம்னு போன்ல தேடினேன், முதல் வரியிலயே அந்த ஆளு எந்த வருஷம் யாரால கொல்லப்பட்டாருன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த பாத்திரம் சிரிச்சாலும் எனக்கு துக்கமா இருந்துச்சு, அந்த நாவலை எழுதினவங்க எனக்காக கட்டி வெச்சிருந்த பயமும் எதிர்பார்ப்பும் எல்லாம் போச்சு. அதனால நடுவுல தேடவே தேடாதீங்க. தாள்ல எழுதி வெச்சிட்டு முடிச்சதும் ஒரு சாயங்காலம் உக்காந்து எல்லாத்தையும் பாருங்க, அது தனி விருந்து.

பகிர்ந்துக்கிறதுக்கு வருவோம். பெரும்பாலானவங்க புக்கை முடிச்ச பிறகு ஒரு பதிவு போடுறாங்க, அருமை, கட்டாயம் படிக்கணும், அஞ்சு ஸ்டார். அதை விட நடுவுல இருக்கும்போது சொல்றது ரொம்ப உயிரோட இருக்கும், கேக்கிறவங்களுக்கும் கூடவே வரணும்னு தோணும். பெரிய குரூப் வேணாம், ரெண்டு மூணு பேரு போதும், ஒருத்தர் இருந்தாலே போதும். வாரத்துக்கு ஒரு நாள் வெச்சுக்கங்க, அன்னைக்கு எங்க இருக்கீங்களோ அதைச் சொல்லுங்க. நான் சொல்றது நாலு விஷயம்தான்: எத்தனாவது அத்தியாயம், கதை இப்ப எந்த இடத்துல எந்த காலத்துல நிக்குது, மனசுல நின்ன ஒரு காட்சி, எனக்குள்ள ஓடுற ஒரு கேள்வி. ஒரு தடவை நான் அனுப்பினது இப்படி:

"பொன்னியின் செல்வன் முதல் பாகம், கடம்பூர் மாளிகை, நடுராத்திரி. வந்தியத்தேவன் மறைஞ்சு நின்னு பாத்துக்கிட்டிருக்கான், கீழ பெரிய மனுஷங்க எல்லாம் கூடி ரகசியம் பேசுறாங்க. மூடுபல்லக்குல இருந்து இறங்கினது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். என் கேள்வி, ராஜா உயிரோட இருக்கும்போதே அடுத்த ராஜாவை முடிவு பண்றவங்களை துரோகின்னு சொல்றதா, நாட்டைப் பத்தி கவலைப்படுறவங்கன்னு சொல்றதா?"

அவ்வளவுதான். இதுக்கு வந்த பதில்ல ரெண்டு நாள் ஓடுச்சு, நாவலை எப்பவோ படிச்ச ஒருத்தங்க மறுபடியும் எடுத்துட்டாங்க. கேள்வி ரொம்ப முக்கியம், ஏன்னா "சூப்பரா போகுது"ங்கிறதுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

சரித்திர நாவல்ல ஸ்பாய்லர் ஒரு சிக்கலான விஷயம். வரலாத்துல நடந்ததுதானே, பாடப்புத்தகத்துலயே இருக்கேன்னு சிலர் போட்டு உடைச்சிடுவாங்க. எனக்கு அது சரியா படல. வுல்ஃப் ஹால்ல வர்ற எட்டாம் ஹென்றியோட ராணி ஆன் பொலின் 1536ல தலை வெட்டப்பட்டதை நீங்க பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கலாம், பக்கத்துல இருக்கிறவங்க முதல் தடவையா அந்த நாவல்லதான் அவங்களைச் சந்திக்கிறாங்களா இருக்கும். யாரு சாகுறாங்க, யாரு ஜெயிக்கிறாங்க, இந்த ரெண்டையும் கேக்காம சொல்லாதீங்க.

முடிச்ச பிறகு பகிரும்போது நிஜம் எது, கற்பனை எதுன்னு ஒரு வரி கண்டிப்பா சேருங்க. இதை நான் கெஞ்சியே கேக்கிறேன், ஏன்னா நல்ல நாவலாசிரியர் எழுதினா கற்பனைதான் நம்ம மனசுல வரலாறா உக்காந்துடும். பொன்னியின் செல்வன்ல வர்ற சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை நிஜம், உடையார்குடி கல்வெட்டு அதுல சம்பந்தப்பட்டவங்கன்னு ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன்னு பேரோட சொல்லுது. வந்தியத்தேவன்ங்கிற பேரு தஞ்சாவூர் கல்வெட்டுல குந்தவையோட கணவர்னு வருது. ஆனா நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் கல்கி படைச்சவங்க. நந்தினியை நிஜம்னே நம்பிக்கிட்டு பேசுறவங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன். தெரிஞ்சா நாவல் சின்னதாகாது, கல்வெட்டுல இருக்கிற மூணு நாலு பேரை வெச்சுக்கிட்டு அப்படி ஒரு பொண்ணை உண்டாக்கினாரேன்னு பிரமிப்புதான் கூடும். நிறைய நாவல்ல முன்னுரையிலயோ பின்னுரையிலயோ ஆசிரியரே இதைச் சொல்லியிருப்பாங்க, அதைத் தாண்டிப் போயிடாதீங்க.

பிடிக்கலன்னா விட்டுடலாமா? விடலாம், ஆனா 100 பக்கம் குடுங்க. சரித்திர நாவல் மெதுவாத்தான் சூடாகும், கோட்டை கொத்தளம் வழி வாய்க்கால் எல்லாம் காட்டி முடிக்கவே அவங்களுக்கு அவ்வளவு இடம் வேணும். 100 தாண்டியும் ஒட்டலன்னா மூடி வெச்சிட்டு எங்க விட்டேன், ஏன் விட்டேன்னு அதையும் நண்பர்களுக்குச் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் போ, 130ல திரும்பும்னு யாராவது சொல்லுவாங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை இலக்கை எடுத்துப் பாருங்க. பின்தங்கியிருந்தா ராத்திரி முழிச்சு துரத்தாதீங்க, எண்ணிக்கையைக் குறைங்க, இழையை மட்டும் விடாதீங்க. ஆறு நாவல்னு வெச்சது நாலாகட்டும், அதே காலத்துல இருங்க.

நான் இப்ப போரும் அமைதியும், நாளைக்கு ஒரு அத்தியாயம், 60ஐத் தாண்டிட்டேன். 1805 டிசம்பர், நெப்போலியனோட ரஷ்யப் படை மோதின ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களம், விடியக்காலைல பனிமூட்டம், எதிரி எங்க நிக்கிறான்னே தெரியாம படை இறங்கிப் போய்க்கிட்டிருக்கு. என் கேள்வி, டால்ஸ்டாய் பொறந்ததே 1828லதான், தான் பொறக்குறதுக்கு இருபது வருஷத்துக்கும் மேல முந்தின அந்த காலையோட குளிர் அவருக்கு எப்படி தெரிஞ்சுது? நீங்க எந்த அத்தியாயத்துல இருக்கீங்க?