நரம்பு வளர்க்கும் புரதங்கள்: நாம் தடுக்கி விழும் இடங்கள்

மணிக்கட்டில் கண்ணாடி கிழித்து நரம்பு தைத்துக்கொண்டவர்கள் அடிக்கடி கேட்பது இது: "நரம்பு சீக்கிரம் வளர எந்தப் புரோட்டீன் பவுடர் வாங்கலாம்?" கேட்பதில் தப்பே இல்லை. தட்டில் இருக்கும் பருப்புக்கும் நரம்பை வளர்க்கும் மூலக்கூறுக்கும் "புரதம்" என்று ஒரே பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. எந்தப் புரதத்தை விழுங்கினாலும் குடல் அதை அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். நரம்புக்கு வேண்டியதை அறுபட்ட இடத்தருகே நரம்பு இழைகளைச் சுற்றி உள்ள ஸ்வான் செல்களே சுரக்கின்றன. முட்டையும் சுண்டலும் காயம் ஆற அவசியம்தான். ஆனால் "நரம்பு வளர்ச்சிப் புரதம்" என்று டப்பாவில் அச்சிட்டு விற்றால் காசைக் கொட்டாதீர்கள்.

அடுத்த தவறு, கூடக் கொடுத்தால் கூட வளரும் என்று நினைப்பது. என்ஜிஎஃப் (NGF) என்ற நரம்பு வளர்ச்சிப் புரதத்தைப் பாருங்கள். 1950-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் விஞ்ஞானிகள் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் அடையாளம் கண்டது. 1986-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்ட இடம் வலித்ததுதான் மிச்சம். பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. வலியை உணரும் நரம்புகளை உசுப்பிவிடுவதும் இதே என்ஜிஎஃப்தான். தசையை அசைக்கும் நரம்புகளோ இதை நம்பி இல்லை. அவற்றுக்கு பிடிஎன்எஃப் (BDNF), ஜிடிஎன்எஃப் (GDNF) போன்ற வேறு வளர்ச்சிப் புரதங்கள் வேண்டும். அதே என்ஜிஎஃப் 2018-இல் அமெரிக்காவில் கண் சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது, நரம்பு கெட்டுக் கருவிழி புண்ணாகிறவர்களுக்காக. தேவையான இடத்திலேயே நேராக விழுகிறது, அதனால் உதவுகிறது.

மாணவர்கள் செய்யும் தவறு வேறு. நோட்டில் இரண்டு கட்டம் போட்டு, இது வளர்க்கும் புரதம், அது தடுக்கும் புரதம் என்று மனப்பாடம் செய்கிறார்கள். வளரும் ஆக்ஸானின், அதாவது நரம்பு செல்லிலிருந்து நீளும் இழையின், நுனியை நுண்ணோக்கியில் பார்த்தால் விரல் விரித்த சிறு கை போல இருக்கும். விரல்கள் நீளும், தடவும், சுருங்கும். அந்த நுனியில் டிசிசி என்ற ஏற்பி (வெளியிலிருந்து வரும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) மட்டும் இருந்தால், வழிகாட்டும் நெட்ரின் புரதம் அதைத் தன் பக்கம் இழுக்கும். அன்க்-5 என்ற ஏற்பி இருந்தால் அதே நெட்ரின் விரட்டும். எனவே புரதத்தின் பெயரோடு நின்றுவிடாமல், எந்த செல், எந்த ஏற்பி, எந்த வயது என்று கேட்டுப் படியுங்கள். நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் உள்ள நோகோ-ஏ என்ற புரதம் ஆக்ஸான் வளர்ச்சியைத் தடுப்பது உண்மை. ஆனால் வளர்ந்த மூளையில் உருவான இணைப்புகள் கலையாமல் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அதை வெறும் வில்லனாகப் பார்ப்பது சரியல்ல.

"தண்டுவட நரம்பு வளரவே வளராது" என்பதும் பாதி உண்மைதான். கனடாவின் மான்ட்ரியலில் நரம்பியல் ஆய்வாளர் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு, எலியின் கால் நரம்புத் துண்டை மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பாலமாகத் தைத்தது. வளராது என்று கருதப்பட்ட ஆக்ஸான்கள் அதற்குள் சுமார் மூன்று செ.மீ. ஓடின! மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டன. இது 1981-இல் வெளியானது. சூழல் எவ்வளவு முக்கியம் என்று அது காட்டியது. செல்லுக்குள்ளேயும் தடை உண்டு: பிடென் (PTEN) என்ற புரதத்தை நீக்கிய எலிகளில், நசுங்கிய பார்வை நரம்பு மறுபடி வளர்ந்ததை 2008-இல் கண்டார்கள். இதை வைத்து "முடங்கியவர் இனி நடப்பார்" என்று தலைப்பு வந்தால் நம்பிவிடாதீர்கள். இழை வளர்வது வேறு, சரியான செல்லைத் தேடிப் பிடித்து இணைவது வேறு.

கை கால் நரம்புக்கு வருவோம். தைத்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்குப் பதினெட்டு செ.மீ. என்றால் ஆறு மாதமாவது ஆகும். மூன்றாம் மாதமே "ஒன்றும் ஆகவில்லை" என்று கை, விரல்களுக்கான பயிற்சியை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப் போயிருந்தால், வந்தும் பயனில்லை. உணர்வு வரும்வரை சூடான காபி டம்ளரை அந்தக் கையால் எடுக்கவே கூடாது. தோல் வெந்தாலும் தெரியாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, நரம்பு போகும் வழியில் விரலால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுரீரென்று மின்சாரம் பாய்வது போல எங்கே உணர்கிறீர்களோ, வளரும் நுனிகள் ஏறக்குறைய அங்கே வந்திருக்கின்றன. போன மாதம் மணிக்கட்டில் இருந்த அந்தச் சுரீர், இந்த மாதம் உள்ளங்கைக்கு நகர்ந்திருக்கும்.