டெக் புலனாய்வு இன்டர்ன்ஷிப் போறீங்களா? இந்த தப்புங்கள மட்டும் பண்ணிடாதீங்க

காட்பாடி பக்கம் படிக்கிற பசங்க ரெண்டு மூணு பேரு இந்த மாசம் ஒரே விஷயத்த கேட்டாங்க. சர்வாதிகாரம் நடக்குற நாடுங்கள்ல டெக்னாலஜிய வெச்சு மக்கள எப்படி கண்காணிக்கிறாங்கன்னு தோண்டி எழுதுற எடத்துல இன்டர்ன்ஷிப் கெடச்சிருக்கு, இன்னா படிச்சிட்டு போகணும்ணான்னு. படிக்க வேண்டியத நீங்களே தேடிக்குவீங்க. எத பண்ணக்கூடாதுன்னு தான் நான் சொல்லணும், ஏன்னா இந்த வேலைல தப்பு பண்ணா நமக்கு திட்டு தான் விழும், நம்மள நம்பி பேசுன ஆளுக்கு ஜெயிலு.

2024 ஜூலைல நான் இதே மாதிரி ஒரு இன்டர்ன்ஷிப்புல இருந்தேன், வேலூர்ல வீட்டுல ஒக்காந்துகினே. அப்ப தான் பங்களாதேஷ்ல மாணவர் போராட்டம் பெருசாகி ஜூலை 18 ராத்திரியோட நாடு முழுக்க நெட்ட கட் பண்ணாங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு தெரியும், சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வர்ற பங்களாதேஷ்காரங்க பாபு ராவ் தெரு, காந்தி ரோடு லாட்ஜுங்கள்ல எப்பவும் இருப்பாங்க, போர்டே பெங்காலில இருக்கும். அந்த வாரம் லாட்ஜ் வாசல்ல போன கையில வெச்சிகினு நின்னவங்க மூஞ்சிய பாத்தாலே தெரிஞ்சிது. ஒருத்தரு அம்மாவ வைத்தியத்துக்கு கூட்டினு வந்தவரு, ஊர்ல தம்பி காலேஜ் படிக்கிறான். தம்பிக்கு அனுப்புன மெசேஜ காட்னாரு, பதினேழு மெசேஜ் வரிசையா, எல்லாத்துக்கும் ஒரே ஒரு டிக். (அவர பத்தி இங்க சொல்றதுலயும் ஒண்ணு ரெண்டு விவரத்த மாத்தி தான் சொல்றேன்.)

நான் அந்த ஸ்கிரீன போட்டோ எடுத்து எடிட்டருக்கு அனுப்பிட்டேன். பேரு தெரியல, மூஞ்சி தெரியல, சரியா தான் பண்ணிருக்கோம்னு நெனச்சேன். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வருது, "போட்டோவ பெருசு பண்ணி பாத்தியா?" பாத்தா மூலைல லாட்ஜ் சாவி, அதுல பித்தள வில்லைல ரூம் நம்பர், பக்கத்துல பாதி மடிச்ச ஆஸ்பத்திரி சீட்டு. அது போதாதுன்னு போட்டோ ஃபைலுக்குள்ளயே எந்த எடத்துல எத்தன மணிக்கு எடுத்ததுன்னு பதிஞ்சிருக்கு. 2012ல தலைமறைவா இருந்த ஜான் மெக்கஃபி (ஆன்டிவைரஸ் சாஃப்ட்வேர் ஆரம்பிச்சவரு) கூட போன ஒரு பத்திரிகை போட்ட போட்டோ இப்படி தான், ஐபோன் பதிஞ்ச லொகேஷன் அப்படியே இருந்ததுல அவரு குவாத்தமாலால இருக்குறது ஒலகத்துக்கே தெரிஞ்சிது. நாங்க பப்ளிஷ் பண்றதுக்கு முந்தியே புடிச்சாங்க, அதனால தப்பிச்சோம். அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

நம்ம ஊரு தானே, இங்க யாரு இன்னா பண்ணப் போறாங்கன்னு நெனச்சது தான் என் மொத தப்பு. வெளிநாட்டுக்காரரு லாட்ஜுல தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள லாட்ஜுக்காரங்க அவரு விவரத்த அரசாங்கத்துக்கு அனுப்பணும், அதாவது அவரு எங்க தங்கினாரு எப்ப வந்தாருன்னு ஏற்கனவே ரெக்கார்ட்ல இருக்கு. நீங்க ரிசப்ஷன் நோட்டுல பேரு எழுதி ரூமுக்கு போனா அதோட ஒங்க பேரும் சேருது. ரெண்டு வாரம் கழிச்சு அவரு டாக்கா ஏர்போர்ட்ல எறங்கணும். அந்த ஜூலைல டாக்கா ரோட்டுலயே பசங்கள நிறுத்தி போன வாங்கி கேலரிய பாத்தாங்க. அதனால எங்க பேசணும், எதுல பேசணும், எத்தன நாள்ல மெசேஜ் அழியணும்ங்கறத எல்லாம் அவரு வாயால கேளுங்க, தன் ஊரு ஆபத்து அவருக்கு தான் தெரியும். ரகசியமா மெசேஜ் அனுப்புற சிக்னல் ஆப்ப போடுங்கன்னு நம்மளே சொல்றது கூட சில நாட்டுல தப்பா போயிடும், போன்ல அந்த ஆப் இருக்கறதே சந்தேகத்துக்கு போதும். சீனால சின்ஜியாங் மாகாணத்துல போலீஸ் வெச்சிருந்த ஆப்ப ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பிரிச்சு பாத்து 2019ல வெளியிட்டாங்க, அதுல விபிஎன், வாட்ஸ்அப் மாதிரி 51 நெட் டூல சந்தேக லிஸ்ட்ல வெச்சிருந்தாங்க. கரண்ட் அதிகமா செலவு பண்ணாலே விசாரிக்கணும்னு இருந்துது.

அடுத்தது, அரசாங்கம் சொல்ற டெக்னிக்கல் காரணத்த அப்படியே எழுதிடுறது. டாக்கால மகாகாலி பக்கம் டேட்டா சென்டர்ல தீ, அதனால தான் நெட் போச்சுன்னு துறை இணை அமைச்சர் சொன்னாரு. தீ மெய்யாலுமே புடிச்சிது, அதுல தான் புதுசா வர்றவங்க ஏமாறுவாங்க, பாதி உண்மை இருக்கும். ஆனா தீயால போனா அந்த கேபிளயும் சென்டரயும் நம்பி இருக்குற கம்பெனி தான் விழும், மத்தவங்க தட்டுத்தடுமாறி ஓடுவாங்க. உத்தரவு போட்டா எல்லா கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல விழும், மொபைல் ஒரு நாளு பிராட்பேண்ட் இன்னொரு நாளுன்னு வகை பிரிச்சு போகும், திரும்பி வர்றதும் அப்படியே. அங்க பிராட்பேண்ட் 23ம் தேதில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வந்துது, மொபைல் நெட் 28ம் தேதி தான் வந்துது. எந்த நாட்டுல நெட் எப்ப விழுந்துது எப்ப வந்துதுன்னு கிளவுட்ஃப்ளேர் ரேடார், ஐயோடா (IODA) மாதிரி சைட்டுங்கள்ல கிராஃப் கோடா போட்டு வெச்சிருப்பாங்க, காசு கெடையாது, யாரு வேணா பாக்கலாம். ஆட்சி மாறுனப்புறம் ஆகஸ்ட்ல அதே அமைச்சகம் விசாரிச்சு, தீக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, உத்தரவு போட்டு தான் நிறுத்துனாங்கன்னு சொல்லிடுச்சு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க, எந்த சைட்ட தடை பண்ணிருக்காங்கன்னு பாக்குற ஊனி ப்ரோப் (OONI Probe) மாதிரி டெஸ்ட் ஆப்ப அங்க இருக்குறவர்கிட்ட குடுத்து ஓட்ட சொல்லாதீங்க. தடை பண்ண சைட்டுங்கள அது அவரு லைன்ல இருந்தே தொட்டு பாக்கும், ஆபத்து தெரிஞ்சு அவரே ஒத்துக்கினா தான் ஓட்டணும்.

எதுக்கெடுத்தாலும் பெகாசஸ்னு (போனுக்குள்ள பூந்து வேவு பாக்குற இஸ்ரேல் கம்பெனி சாஃப்ட்வேர்) சொல்றதும் நிறைய பாக்குறேன். போன் சூடாகுது, பேட்டரி எறங்குது, ஹேக் பண்ணிட்டாங்கன்னு. 2021ல வெளிய வந்த அந்த 50,000 நம்பர் லிஸ்ட்டே ஹேக் ஆன போன் லிஸ்ட் இல்ல, குறி வெக்க எடுத்த நம்பருங்கன்னு தான் அத வெளியிட்டவங்க எழுதினாங்க, போன எடுத்து ஆராய்ச்சி பண்ணி பாத்தப்புறம் தான் எதுல பூந்துதுன்னு சொன்னாங்க. சந்தேகம் இருந்தா சோர்ஸ்கிட்ட, அதாவது நமக்கு தகவல் குடுக்குறவர்கிட்ட, போன ரீசெட் பண்ண சொல்லிடாதீங்க, தடயம் எல்லாம் போயிடும். அதவிட முக்கியம், பெரும்பாலான நாட்டுல ஆள புடிக்க அவ்ளோ காஸ்ட்லி சாமானே தேவப்படல. பங்களாதேஷ்ல 2016க்குள்ளயே சிம்முக்கெல்லாம் கைரேக வாங்கிட்டாங்க, கால் லிஸ்ட் எடுத்தா முடிஞ்சிது. அந்த சாதாரண விஷயத்த யாரும் எழுத மாட்டேங்கறாங்கன்னு எனக்கு ரொம்ப வருத்தம்.

வாங்குனவன பத்தியே எழுதிகினு வித்தவன விட்டுடுறதும் தப்பு தான். 2021ல அல் ஜசீரா வெளியிட்ட விஷயத்த பாருங்க, பங்களாதேஷ் ராணுவம் இஸ்ரேல் கம்பெனி பிக்சிக்ஸோட போன் ஒட்டுக்கேக்குற கருவிய வாங்கிச்சு, இத்தனைக்கும் அந்த நாட்ட இவங்க அங்கீகரிக்கவே இல்ல. பேப்பர்ல ஹங்கேரி சரக்குன்னு இருந்துது. ஐநா அமைதிப்படைக்குன்னு ராணுவம் சொல்லிச்சு, நாங்க அந்த மாதிரி கருவிய கேக்கவே இல்லன்னு ஐநா சொல்லிடுச்சு. இது ஹேக்கிங் பண்ணி வந்த கத இல்ல, ஒப்பந்த பேப்பருங்க அதுக்கு முக்கியமான ஆதாரம். டெண்டர், இன்வாய்ஸ், ஏத்துமதி லைசென்ஸ் இதெல்லாம் படிக்க சலிப்பா இருக்கும், கண்டிப்பா படிங்க. பக்கத்த பாத்த ஒடனே ஆர்க்கைவ் பண்ணி வெச்சிடுங்க, நாளைக்கு இருக்காது. மறைச்ச எடத்தயும் பாருங்க. சீனாவோட பாய்டு மேப்ல சின்ஜியாங் பக்கம் சில கட்டம் மட்டும் வெறுமையா வருதேன்னு கவனிச்சு, அந்த எடத்தயே சாட்டிலைட் படத்துல தேடி தான் உய்குர் முஸ்லிம்கள அடைச்சு வெச்ச முகாமுங்கள கண்டுபுடிச்சாங்க, நம்ம இந்திய வம்சாவளி பத்திரிகையாளர் மேகா ராஜகோபாலனும் கூட வேல செஞ்ச ரெண்டு பேரும் 2021ல புலிட்சர் விருது வாங்குனது அதுக்கு தான்.

லீக் ஆன பேப்பர் கைக்கு வந்தா, கருத்து கேக்கறேன்னு அதயே ஸ்கேன் பண்ணி எதிர் தரப்புக்கு அனுப்பாதீங்க. 2017ல அமெரிக்காவுல அரசாங்க ரகசிய பேப்பர பத்திரிகைக்கு அனுப்புன ரியாலிட்டி வின்னர்ங்கற பொண்ணு கேஸ்ல அது தான் நடந்துது, அனுப்புன காப்பில மடிப்பு தெரிஞ்சிது, அப்ப பிரிண்ட் எடுத்தது தான்னு புரிஞ்சிகினாங்க, யாரு பிரிண்ட் எடுத்தாங்கன்னு பாத்தா ஆறே பேரு. ஜனநாயக நாட்டுலயே அந்தம்மா வருஷக்கணக்கா உள்ள இருந்தாங்க. விஷயத்த நம்ம வார்த்தைல எழுதி கேள்வியா அனுப்பணும்.

கடைசியா ஒண்ணு, கத வந்த சந்தோஷத்துல சோர்ஸுக்கு லிங்க் அனுப்பாதீங்க, பண்டிகைக்கு வாழ்த்தும் சொல்லாதீங்க. எனக்கு கை துறுதுறுன்னுச்சு, எடிட்டர் தான் தடுத்தாங்க. அவரு ஊருக்கு கெளம்பற அன்னிக்கு காலைல டீக்கடைல நின்னு ரெண்டு பேரும் நம்பர அழிச்சோம், சாட்ட அழிச்சோம், கேலரில இருந்ததயும் அழிச்சோம். தம்பிகிட்ட இருந்து ரெண்டாவது டிக் வந்துடுச்சுன்னு அதுக்கு முந்தின நாளு தான் சொன்னாரு. அவங்கம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னு கேக்க என்கிட்ட வழி இல்ல.