மொட்டைமாடி ஒழுகினால்: ஒட்டுப்போடுவதா, பெயர்த்துப் போடுவதா? ஆளை அழைக்கும் முன்பும் பின்பும்

ஐப்பசி மழை தொடங்கி இரண்டாவது நாள் சீலிங்கில் ஈரம் தெரியும். உடனே பதறிப்போய் யாரையாவது கூப்பிடுவோம். வந்தவர் மாடிக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "முழுசா எடுத்துப் போட்டாத்தான் சார் நிக்கும்" என்பார். அல்லது, "ஒரு கெமிக்கல் கோட்டிங் அடிச்சா போதும்" என்பார். எது சரி என்று நமக்குத் தெரியாததால் இரண்டையும் நம்புவோம். முழுதாகப் பெயர்க்க வேண்டிய தளத்துக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பவர்களும் இருக்கிறார்கள், ஒரு மூலையைச் சரிசெய்தால் போதும் என்ற நிலையில் மொத்தத் தளத்தையும் இடித்தவர்களும் இருக்கிறார்கள். தளத்துக்கு என்ன கோளாறு என்பதை ஆள் வருவதற்கு முன்பே நாம் ஓரளவு தெரிந்துகொண்டால் இந்த இரண்டிலும் மாட்ட மாட்டோம்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் கான்கிரீட் தளத்துக்கு. அதாவது கீழே கம்பி கட்டிய கான்கிரீட், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, அதற்கும் மேலே தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட மண் ஓடு. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் விஷயமே வேறு. அதில் சிமெண்டைக் கொண்டுபோய்ப் பூசாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடுங்கள்.

முதல் படி: கீழே இருந்து பாருங்கள்

மாடிக்கு ஓட வேண்டாம். முதலில் வீட்டுக்குள் சீலிங்கைப் பாருங்கள். ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த மழைக்கு அந்தக் கோட்டைத் தாண்டினால் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி: மழை இல்லாத நாளிலும் ஈரம் இருக்கிறதா? இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் தளம் இல்லை. மேல்மாடி குளியலறைக் குழாயோ, தண்ணீர்த் தொட்டியின் இணைப்போ, தொட்டி நிரம்பி வழியும் குழாயோ ஆக இருக்கும். இதைப் பார்க்காமல் தளத்தைப் பெயர்த்தால் பணமும் போகும், ஒழுகலும் நிற்காது.

சீலிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் தண்ணீர் அந்த வழியாக நாள்பட இறங்கிக் காய்கிறது என்று அர்த்தம். பழுப்பு நிறக் கறையோ, கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக விரிசலோ தெரிந்தால் கவனமாக இருங்கள். உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். இரும்பு துருவாகும்போது பழைய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக உப்பும். அந்த உப்பல்தான் கான்கிரீட்டைக் கீழே தள்ளிப் பெயர்க்கிறது. தளத்தில் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கம்பியைத் தூக்கி வைக்காமல் பலகைமேல் கிடத்திக் கொட்டிய வீடுகளிலும், உப்புத்தண்ணீரில் கலவை போட்ட கடலோர வீடுகளிலும் இது சீக்கிரமே வரும்.

பூச்சு உப்பிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு நேர் கீழே நின்று தட்டாதீர்கள். அங்கே கட்டில் கிடந்தால் முதலில் நகர்த்துங்கள். குழந்தைகளை அந்த அறையில் படுக்க வைக்க வேண்டாம். தள்ளி நின்று நீளமான கம்பால் தட்டிப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: இப்போது மாடிக்குப் போங்கள்

ஒரு சின்னச் சுத்தியலோ கனமான கட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். தட்டோடுகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் ஓடு "டங்" என்று கெட்டியாகக் கேட்கும். அடியில் விட்டுப்போனது "டொப் டொப்" என்று பொள்ளலாகக் கேட்கும். பொள்ளலான ஓடுகளில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தால் தளத்தின் நிலைமை கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு மூலையில் மட்டும் குறிகள் கூடியிருக்கின்றனவா, தளம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றனவா?

ஒரு வாளித் தண்ணீரை, மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்கு எதிர் மூலையில் ஊற்றுங்கள். தண்ணீர் தானாக ஓடிவந்து குழாயில் இறங்க வேண்டும். நடுவில் குளமாக நின்றால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, போய்விட்டது. மொட்டைமாடி ஒழுகலில் பாதிக் கதை இந்த வாட்டம்தான் என்பது என் தீர்மானமான கருத்து. எந்தப் பூச்சும் நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரை எப்போதும் தாங்கிக்கொண்டிருக்காது.

குழாயின் வாயில் இலையும் மண்ணும் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் ஓடுகிறதா, டிஷ் ஆன்டெனாவுக்கோ சோலார் தாங்கிக்கோ போல்ட் அடித்த இடம் திறந்திருக்கிறதா, சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும். சுவர் அதே அளவுக்கு அசைவதில்லை. அதனால் அந்த மூலைதான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டும் என்றில்லை. தட்டோட்டுக்கு அடியில் போன தண்ணீர் சுருக்கிக்குள்ளேயே பல அடி நகர்ந்து, கான்கிரீட்டில் விரிசல் கிடைக்கிற இடத்தில் இறங்கும்.

மூன்றாம் படி: எது தேவை என்று முடிவுசெய்யுங்கள்

குழாய் வாயிலோ, சுவர் மூலையிலோ, போல்ட் இடத்திலோ மட்டும் பிரச்சினை, மற்ற ஓடுகள் கெட்டியாக இருக்கின்றன என்றால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். முழுத்தளம் பற்றிப் பேசுபவரிடம் காரணம் கேளுங்கள்.

ஓடுகளில் பாதிக்கு மேல் பொள்ளல், இணைப்புகளில் புல், பல இடங்களில் ஒழுகல், ஏற்கெனவே பூச்சு அடித்தும் நிற்கவில்லை, தண்ணீர் தேங்குகிறது என்றால் தட்டோட்டையும் சுருக்கியையும் கான்கிரீட் வரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் நேரம் வந்துவிட்டது. பழையதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்கு போடலாம், செலவு குறைவு என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சுருக்கியும் ஓடும் சேர்ந்து 3 அங்குலக் கனம் என்றால் சதுர அடிக்கு ஏறத்தாழ 13 கிலோ வரும். 1000 சதுர அடித் தளத்துக்கு 13 டன். அந்தப் பழைய கான்கிரீட்டின் தலையில் இன்னொரு 13 டன்னை ஏற்றுவது பெரிய ஆபத்து. அடியில் நனைந்து கிடக்கும் பழைய சுருக்கியின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் கீழ்நோக்கித்தான் இறங்கும். கூலிங் டைல்ஸ் ஒட்டுவதற்கும் இதே பதில்: அடித்தளம் பொள்ளலாக இருந்தால் மேலே என்ன ஒட்டினாலும் வீண்.

கம்பி வெளியே தெரிகிறது, கான்கிரீட் துண்டுகள் விழுகின்றன, சீலிங் நடுவில் தொய்ந்திருக்கிறது என்றால் கான்ட்ராக்டரை இப்போது கூப்பிடாதீர்கள். முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள். கம்பி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்து, துரு நீக்கிப் பழுதுபார்த்தால் போதுமா, அந்தப் பகுதித் தளத்தையே இடித்துப் புதிதாகக் கொட்ட வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வேலை எடுக்கப்போகிறவரே நோயையும் சொல்லக் கூடாது. இன்ஜினியருக்குக் கொடுக்கும் கட்டணம் ஒருநாளும் வீணாகாது.

நான்காம் படி: ஆளைத் தேடுவது

வேலை செய்ய நல்ல காலம் மாசி முதல் வைகாசி வரை. புரட்டாசியில் தேடினால் நல்ல ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே வேலையில் இருப்பார்கள், கிடைப்பவர் அவசரத்தில் செய்வார்.

வீட்டைக் கட்டிய மேஸ்திரி இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; கம்பி எப்படிப் போட்டது என்பது அவருக்குத் தெரியும். அப்புறம் உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் தளம் போட்ட வீடுகளில் விசாரியுங்கள். போன மாதம் முடித்த வேலையைக் காட்டினால் அது சாட்சியே இல்லை. இரண்டு மழைக்காலமாவது கண்ட தளத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம், "ஒழுகுதா?" என்பதோடு, "ஒரு குறை சொன்னப்போ திரும்பி வந்தாரா?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான பதில்தான் முக்கியம்.

உள்ளூர் ஆளாக இருப்பது நல்லது என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். போன் நம்பர் மாறினாலும் அவர் வீடு மாறாது.

பார்க்க வந்தவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். நல்லவர் முதலில் சீலிங்கைக் காட்டச் சொல்வார். மாடியில் தட்டிப் பார்ப்பார். தண்ணீர் நிறைத்த டியூப் லெவலின் ஒரு முனையைக் குழாய் வாயிலும் மறுமுனையை எதிர் மூலையிலும் பிடித்து, எவ்வளவு ஏற்றம் இருக்கிறது என்று அளப்பார். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் வேண்டும். வாசலில் நின்றபடியே ரேட் சொல்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: ரேட் பேசுவது

மூன்று பேரிடமாவது வாங்குங்கள். ஆனால் மூவரும் ஒரே வேலைக்கு ரேட் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒருவர் சதுர அடிக்குச் சொல்வார், இன்னொருவர் சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்குச் சொல்வார். ஒருவர் கூலி மட்டும், மற்றவர் பொருளோடு. ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதும் தனிக்கேள்வி.

அளவிலும் ஒரு சிக்கல் வரும். 30க்கு 40 அடி தளம் என்றால் 1200 சதுர அடி. ஆனால் தண்ணீர் புகாத பூச்சைக் கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். சுற்றளவு 140 அடி என்பதால் இன்னும் 140 சதுர அடி சேரும். இது ரேட்டில் அடங்குமா என்று முன்பே கேட்காவிட்டால் கடைசி பில்லில் சண்டை வரும்.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள். பத்திரம் எல்லாம் தேவையில்லை, சாதாரணத் தமிழில் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். இப்படி இருக்கலாம்:

"பழைய தட்டோடு, சுருக்கி முழுவதையும் கான்கிரீட் வரை எடுத்து, ரப்பீஸை (இடிபாடுகளை) இறக்கி அப்புறப்படுத்துவது. கான்கிரீட் விரிசல்களை வெட்டி அடைப்பது. வாட்டர் ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட், சுவரில் ஒரு அடி உயரம் வரை. தண்ணீர் நிறுத்திச் சோதித்துக் காட்டிய பிறகே அடுத்த வேலை. சுருக்கி, குழாய் வாயில் குறைந்த கனமும் எதிர் மூலையில் கூடுதல் கனமுமாக 10 அடிக்கு ஒன்றேகால் அங்குல வாட்டத்தில். மேலே தட்டோடு. ஒழுகினால் தகவல் சொன்ன ஏழு நாளுக்குள் வந்து சொந்தச் செலவில் சரிசெய்வது, ஐந்து வருடத்துக்கு."

"பத்து வருஷ கேரண்டி" என்று வாயால் சொல்வது பெரும்பாலும் டப்பாவில் இருக்கும் பொருளுக்குக் கம்பெனி கொடுப்பது. வேலைக்கு யார் பொறுப்பு என்பதுதான் நமக்கு வேண்டும். மேலே கடைசி வரி அதற்காகத்தான்.

பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். அட்வான்ஸாக கால் பங்குக்கு மேல் வேண்டாம். பழையதை எடுத்து முடித்ததும் கொஞ்சம், தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் கொஞ்சம், ஓடு பதித்ததும் கொஞ்சம். கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாகப் பேசுங்கள். தன் வேலைமேல் நம்பிக்கை உள்ளவர் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொள்வார்.

ஆறாம் படி: வேலை நடக்கும்போது

தளத்தில் இறங்கும் செங்கல்லையும் மணலையும் நடுவில் குவிக்க விடாதீர்கள்; கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்தில் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நின்று வேலை செய்பவர்களுக்குக் கயிறும் பெல்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் மேஸ்திரியிடம் கேட்டுவையுங்கள். நம் வீட்டில் உழைக்கும் ஒருவருக்கு ஏதாவது நடந்தால் அது அந்தக் குடும்பத்தையே சாய்த்துவிடும்.

தண்ணீர்ச் சோதனையை விட்டுக்கொடுக்காதீர்கள். குழாய் வாயை அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் விட வேண்டும். சீலிங் காய்ந்தபடி இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். ஒரு அங்குலம் போதும். அதுவே சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம். கம்பி துருப்பிடித்த தளமாக இருந்தால் இன்ஜினியரைக் கேட்காமல் தண்ணீர் நிறுத்தவே கூடாது.

சுருக்கி போட்டதும் கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தபடி நாள்கணக்கில் அடிப்பது பழைய முறை. அதை முறையாகச் செய்பவர் கிடைத்தால் விடாதீர்கள். இப்போது பலர் ஒரு நாள் பேருக்குத் தட்டிவிட்டு மறுநாளே ஓடு பதிக்கிறார்கள். அடிக்காத சுருக்கி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். ஓடு பதித்த பிறகு ஒரு வாரமாவது காலையும் மாலையும் தண்ணீர் விட்டு ஆற்றுங்கள். அதை யார் செய்வது என்பதையும் பேசிவிடுங்கள்.

வேலை முடிந்த கையோடு சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம். கான்கிரீட்டுக்குள் தங்கிய ஈரம் காய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அடித்தால் பெயின்ட் உரியும், தளம் மறுபடி ஒழுகுகிறது என்று வீணாகப் பயப்படுவோம்.

எழுதிக் கொடுத்தும் ஆள் திரும்பி வரவில்லை என்றால், தாளின் நகல், பணம் அனுப்பிய விவரம், போட்டோக்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம்.