வீல்சேர்ல திரும்ப வேலைக்கு போனப்போ நான் மாட்டிக்கிட்டது

டி10 லெவல்ல (நெஞ்சுப் பகுதி முதுகெலும்புல பத்தாவது) முதுகுத்தண்டு அடிபட்டதால இடுப்புக்கு கீழ எனக்கு உணர்ச்சி கிடையாது. மறுபடி ஆபீஸ் போன முதல் வாரமே, ராத்திரி கண்ணாடி வச்சு பாத்தா உக்காருற எலும்பு மேல காசு அளவுக்கு செவப்பு, விரலால அழுத்துனா வெளுக்கவே மாட்டேங்குது, அப்படின்னா அழுத்தப் புண் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். வலிச்சாதானே தெரியும், மீட்டிங் மீட்டிங்னு மூணு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கேன். நாலு நாள் லீவு போட்டு குப்புறவே கெடந்தேன், சேர்ந்த ஒடனே லீவுனா எவ்ளோ கடுப்பா இருக்கும்!

அப்புறம் போன்ல அரை மணிக்கு ஒரு வைப்ரேஷன் அலாரம் வச்சேன். முன்னாடி கைய ஊனி பத்து செகண்ட் ஒடம்ப தூக்குவேன், அழுத்துன எடத்துல மறுபடி ரத்தம் ஓட அது பத்தவே பத்தாது, தோள்தான் போகும். இப்போ மேஜை மேல முழங்கைய வச்சு நல்லா முன்னாடி சாஞ்சு 2 நிமிஷம், அப்படியே ரெண்டு மெயிலும் படிச்சுருவேன். ஆனா முட்டி டிராயர்ல இடிச்சுது, அதனால அதை கழட்டிட்டு மேஜை காலுக்கு அடியில மரக்கட்ட வச்சு ஒசத்துனோம். குஷன்ல காத்து கொறஞ்சிருந்தத பிசியோதான் அடியில கைய விட்டு பாத்து கண்டுபிடிச்சாங்க. இப்போ திங்கக்கிழமை காலைல அதை நானே செக் பண்ணிக்கிறேன்.