கட்டளைகளுக்குச் செல்லப்பெயர்: அலியாஸ் வைப்பது எப்படி?

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில், கோப்பு மாற்றங்களைக் காட்டும் "கிட் ஸ்டேட்டஸ்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை தட்டுகிறோம்! அதை இரண்டு மூன்று எழுத்தில் முடித்துக்கொள்ளத்தான் அலியாஸ்.

முதலில் பெயர். ஜிஎஸ் என்று வைக்கத்தான் கை போகும். ஆனால் அது கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளின் கட்டளை. எந்தப் பெயரானாலும் "டைப்" என்று தட்டி, இடைவெளி விட்டு அதைக் கொடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் தெரிந்துவிடும். நான் ஜிஎஸ்டி என்று வைத்திருக்கிறேன்.

எழுதும் முறை இது: அலியாஸ், ஓர் இடைவெளி, பெயர், சமக்குறி, மேற்கோளுக்குள் முழுக் கட்டளை. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. விட்டால் பாஷ் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்) சமக்குறியையே ஒரு பெயராக எண்ணித் தேடி, காணோம் என்று சொல்லும்.

இப்படி வைத்தது ஜன்னலை மூடினால் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் அதே வரியை எழுதுங்கள். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் பாஷுக்குப் பதில் இசட்ஷெல்தான் இயல்பு, அங்கே இசட்எஸ்எச்ஆர்சி கோப்பு. திருத்துவதற்கு நானோ எடிட்டர் போதும், இதற்காக விம் எடிட்டரைக் கற்க வேண்டாம். சேமித்தபின் "சோர்ஸ்" போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள், உடனே நடப்புக்கு வரும்.

இனி மேற்கோள் குறி. ஒற்றையா இரட்டையா என்று நான் கவனிக்கவே இல்லை. வேலைக் கோப்புகளை டார் செய்து (ஒரே கோப்பாகக் கட்டி), அன்றைய தேதியையே பெயராக வைத்துச் சேமிக்க ஓர் அலியாஸ் எழுதினேன். தேதிக்காக டாலர் குறியும் அடைப்புக்குள் "டேட்" கட்டளையும். சுற்றிலும் இரட்டை மேற்கோள். திங்களன்று திறந்த டெர்மினலை வியாழன் வரை மூடவில்லை. பழைய பிரதி ஒன்று தேவைப்பட்டுத் தேடினால், திங்கள் தேதியில் ஒரே ஒரு கோப்பு. உள்ளே இருந்ததோ வியாழக்கிழமைப் பிரதி. இரட்டை மேற்கோள் என்பதால் ஷெல் அலியாஸ் வைத்த கணத்திலேயே தேதியைக் கணக்கிட்டு முடித்துவிட்டது. நாலு நாளும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஒற்றை மேற்கோள் போட்டால் டாலர் குறி அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புதிதாகக் கணக்கிடும். "அலியாஸ்" என்று மட்டும் தட்டிப் பட்டியலைப் பாருங்கள். டாலர் குறி இருக்க வேண்டிய இடத்தில் தேதி எண்ணாகத் தெரிந்தால், மேற்கோளை மாற்றுங்கள்.

கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு, கேட்டுவிட்டு அழிக்கும் அலியாஸ் வைக்காதீர்கள். கை அதற்குப் பழகிவிடும். வேறு கணினியில் கேட்காமலே அழிந்துவிடும்.

பின்சேர்ப்பு: சுடோவுக்கு (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) பின்னால் அலியாஸ் வேலை செய்யவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஷெல் முதல் சொல்லில் மட்டுமே அலியாஸைத் தேடுகிறது. சுடோவுக்கே ஓர் அலியாஸ் வைத்து, மேற்கோளுக்குள் சுடோ என்று எழுதி, மூடும் முன் ஓர் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி இருந்தால் அடுத்த சொல்லையும் பார்க்கும்.