அலாரம் அடிக்கும் முன்னே

சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வீடு. இரவு 12 மணிக்குப் படுத்து, 6 மணி அலாரத்துக்கு எழுவேன். அரை மணி நேரம் தலை கல்லாகக் கனக்கும். ஒருநாள் காபியில் உப்பையே போட்டுவிட்டேன்.

தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. ஆழ்ந்த கட்டத்தில் அலாரம் உலுக்கினால் மூளை சட்டென்று தெளியாது. தானாக விழிக்கும்போது பெரும்பாலும் தூக்கம் மெலிந்திருக்கும். உடலை விழிப்புக்குத் தயார்செய்யும் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பும் அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்கும்.

சரி என்று 10 மணிக்கே படுக்க ஆரம்பித்தேன், ஞாயிறு உட்பட. கிழக்கு ஜன்னல் திரையைக் கழற்றினேன் (கொசுவலை மட்டும் இருக்கிறது, எங்கள் தெருக் கொசு அப்படி). முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் 5.50க்குத் தானாகவே கண் திறந்தது. அலாரம் இன்னும் இருக்கிறது. அடிக்கும் முன் அணைத்துவிடுகிறேன்.